வெறுப்பு எதனால் நிலைக்கிறது, எதனால் தளர்கிறது?

‘இப்படிச் செய்துவிட்டானே’ என்பது கோபம். ‘அவன் பிறவியே அப்படித்தான்’ என்பது வெறுப்பு. கோபம் செயலைப் பார்க்கிறது. வெறுப்பு ஆளின் குணத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதனால்தான் மன்னிப்புக் கேட்டால் கோபம் தணிகிறது, வெறுப்புக்கோ அந்த மன்னிப்பும் நடிப்பாகவே படுகிறது.

லண்டனில் மூளை ஆய்வாளர்கள் செமிர் ஜெக்கியும் ஜான் ரோமாயாவும் 17 பேரிடம் அவர்கள் வெறுப்பவரின் முகத்தைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். புட்டாமன், இன்சுலா ஆகிய பகுதிகள் தூண்டப்பட்டன. காதலரின் முகத்தைப் பார்க்கும்போதும் இவை இயங்கும். ஆனால் காதலில் சீர்தூக்கிப் பார்க்கும் பகுதிகள் பரவலாக அடங்கிவிடும்; வெறுப்பில் சிறு பகுதியே அடங்கியது. வெறுப்பு கண்மூடித்தனமானது என்ற எண்ணத்தோடு இது ஒத்துப்போகவில்லை.

கொட்டித் தீர்த்தால் மனம் ஆறிவிடும் என்பதும் தவறு. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்திய மாணவர்களுக்கே கோபம் மிகுந்தது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்தவர்களிடம் ஆத்திரம் குறைவு. பழையதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுதான் வெறுப்புக்கும் தீனி.

ஆகவே ஆளின் குணத்துக்கு எழுதிய அந்தத் தீர்ப்பில்தான் கைவைக்க வேண்டும். அவர் செய்ததை மட்டும் எழுதுங்கள். ‘அவர் இப்படிப்பட்டவர்’ என்ற வாக்கியங்களை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் குணத்தைத் தவிர வேறு காரணம் இருந்திருக்குமா என்று தேடுங்கள். பழைய காட்சி மனதில் ஓடத் தொடங்கினால் கவனம் கேட்கும் வேலை ஒன்றில் இறங்குங்கள். தீங்கு இன்னும் தொடர்கிறது என்றால் இதெல்லாம் பலிக்காது. முதலில் விலகிப் பாதுகாப்பாக இருப்பதுதான் முக்கியம். வெறுப்பை விடுவது தீங்குக்கு இணங்கிப் போவதல்ல.

தனி ஆள் மீதல்லாமல் ஒரு பிரிவினர் மீதே எழும் வெறுப்புக்கு வழி வேறு. 1954-இல் ஓக்லஹோமா முகாம் ஒன்றில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை இரு அணியாக்கிப் போட்டியிட வைத்தார், பகை மூண்டது. சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டபோது உணவை வீசிச் சண்டையிட்டார்கள். தடைபட்ட குடிநீரைச் சரிசெய்வது போன்ற, இரு அணியும் கைகோத்தால்தான் முடியும் வேலைகள் வந்த பிறகே பகை படிப்படியாகக் குறைந்தது. அதே ஆண்டு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், இரு தரப்பு பழகுவதால் வெறுப்பு குறைய நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டுழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. சமரச முயற்சிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது சம அந்தஸ்துதான் என்று தோன்றுகிறது. ஒரு தரப்பு எப்போதும் கைகட்டி நின்றால், பழகப் பழகப் பழைய எண்ணமே உறுதிப்படும்.

நான்கும் அமைந்தாலும் எல்லை உண்டு. ஈராக்கில் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணியில் ஆடவைத்து ஆய்வாளர் சல்மா மூசா ஆராய்ந்தார். கிறிஸ்தவ வீரர்கள் சக முஸ்லிம் வீரர்களோடு நெருங்கினார்கள். முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் பெரிதாக மாறவில்லை.