விண்டோஸ் 11 போடலாமா? முதலில் மேசையைப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, கேபிள் வாங்க வருகிறவர்கூடப் போகிற போக்கில் கேட்பது இதைத்தான்: "பதினொண்ணு போட்டிரலாமா, வேண்டாமா?" இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் சர்வீஸ்காரரை நம்பாதீர்கள், நான் உட்பட. அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது, அதோடு என்னென்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. பிள்ளைகள் வீடியோ பார்க்கிற லேப்டாப்பும் திங்கள்சந்தையில் ஒரு மொத்தக் கடையின் கணக்கு மென்பொருளான டேலி ஓடுகிற கம்ப்யூட்டரும் ஒரே விண்டோஸில் இருக்கலாம், இரண்டுக்கும் முடிவு ஒன்றாக இருக்காது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். "அக்டோபருக்கு அப்புறம் ஆன் ஆகாதாமே மக்ளே" என்று குளச்சலிலிருந்து ஒரு அம்மா லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். ஆன் ஆகும். நேற்று ஓடியதெல்லாம் இன்றும் ஓடும். நின்றது பாதுகாப்பு அப்டேட். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டின. அன்றைக்கு அப்டேட் இருந்தும் போடவில்லை, இன்றைக்கு, கீழே சொல்லப்போகும் நீட்டிப்பில் சேராத விண்டோஸ் 10க்கு அது வருவதே நின்றுவிட்டது. விண்டோஸோடே வருகிற ஆன்டிவைரஸான டிஃபென்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, சரி, ஆனால் அது காவல்காரன் மட்டும்தான், ஓட்டையை அடைக்கும் கொத்தனார் இல்லை.

பழைய விண்டோஸ் எப்படிச் சாகும் என்பதையும் விண்டோஸ் 7இல் பார்த்தாயிற்று. அதற்கு ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது, அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023 தொடக்கத்தில் குரோம் அதைக் கைவிட்டது, 109ஆம் பதிப்போடு சரி. அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கடைக்கு வர ஆரம்பித்தன: பேங்க் சைட் திறக்கவில்லை, விண்ணப்பத்தில் போட்டோ ஏறவில்லை என்று. விண்டோஸ் 10க்கும் அந்த நாள் வரும், ஆனால் இன்னும் வரவில்லை. ஆகவே இன்று மாலைக்குள் ஓடிப்போய் எதையும் செய்ய வேண்டாம். முக்கியமாக, திரையில் "உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று சிவப்பில் ஏதாவது வந்தால் அழைக்கவே அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்லாது. அழைத்து, அவன் சொன்ன ரிமோட் ஆப்பையும் போட்டு, பணமும் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் மிஷின் தாங்குமா என்பது. இங்கே வெளிநாட்டிலிருந்து மகனோ மருமகனோ கொண்டுவந்த லேப்டாப் இல்லாத வீடு குறைவு. "ஐ7 ஆக்கும், நல்ல விலை" என்பார்கள். ஐ7 என்பது வயதைச் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ7-4600 என்றால் நான்காம் தலைமுறை, ஐ3-10110 என்றால் பத்து. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு அனுமதி, ஓரிரு விதிவிலக்கு தவிர. அதாவது பழைய ஐ7க்குக் கிடையாது, அதைவிடக் குறைந்த விலையில் பின்னால் வந்த ஐ3க்கு உண்டு. ஏஎம்டியில் எண்ணை வைத்துச் சொல்வது கஷ்டம், ரைசன் 2000 வரிசையிலேயே சிலது சேரும், சிலது சேராது. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிடுவதே நல்லது.

ஆனால் அதுவும் "தகுதி இல்லை" என்று காட்டிவிட்டால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். எதனால் இல்லை என்று ஒரு வரி கீழே இருக்கும், அதைப் படியுங்கள். "டிபிஎம் 2.0 இல்லை", "செக்யூர் பூட் இல்லை" என்று மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் பாதுகாப்பு வசதிகள், பல சமயம் பொருள் உள்ளேயே இருக்கும், பயாஸில் (விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே திறக்கிற செட்டிங்ஸ்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு ஆப்ஷன் இருக்கும், டிபிஎம்முக்கு அதை ஆன் செய்தால் போதும், செக்யூர் பூட்டை அங்கேயே தனியாக ஆன் செய்ய வேண்டும். நம்ம பக்கத்தில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் இன்னொரு சிக்கல், எட்டாம், ஒன்பதாம் தலைமுறை போர்டிலேயே பழக்கதோஷத்தில் லெகசி என்ற பழைய பூட் முறையில் விண்டோஸ் போட்டு வைத்திருப்பார்கள்; டிஸ்க்கின் அமைப்பைப் பழைய எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடிக்கு மாற்றி, யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குப் போக வேண்டும். விண்டோஸிலேயே அதற்கான கருவி இருக்கிறது, ஃபைல் எதுவும் போகாது, ஆனாலும் பேக்கப் எடுக்காமல் இதைச் செய்கிறவரிடம் மிஷினைக் கொடுக்காதீர்கள். இந்த வேலைக்குத் தேவையான நேரத்தை மிச்சம் பிடிக்க "போர்டையே மாத்தணும்" என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

உண்மையிலேயே தகுதி இல்லாத மிஷினில் குறுக்கு வழியில் போட்டுத் தருவதும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. சோதனையைத் தாண்டிப் போகிற மாதிரி பென்டிரைவ் தயார் செய்தால் ஆறாம் தலைமுறையிலும் விண்டோஸ் 11 ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வருகிற பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் திரும்பக் கையால் ஏற்ற வேண்டும். அது தெரிந்து, தன் சொந்த லேப்டாப்பில் செய்து பார்க்கிற இன்ஜினியரிங் மாணவனுக்குச் சரி. பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு நான் செய்து தருவதில்லை. பழைய ஆபீஸ் லேப்டாப்புகளைப் புதுப்பித்து விற்கும் இடங்களில் "விண்டோஸ் 11 புரோ போட்டது" என்று சொன்னால் தலைமுறை எண்ணைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள், அங்கே ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

மிஷின் தாங்கும் என்று தெரிந்துவிட்டது என்றால் அடுத்தது மேசை. அதோடு என்ன மாட்டியிருக்கிறது?

கருங்கல் பக்கம் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் நோட்டீஸ், முப்பதாம் நாள் நினைவுக் கார்டு, இவைதான் வேலை. கடைக்காரர் அண்ணன் கூப்பிட்டு "எல்லாரும் மாத்தியாச்சு, எனக்கும் ஏத்திவிடு தம்பி" என்றார். போய்ப் பார்த்தால் பழைய 32 பிட் விண்டோஸ் (இப்போதையவை 64 பிட்). உள்ளே பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, 2001இல் வந்தது, அதற்கு மேல் ஒரு பதிப்பு வரவே இல்லை. யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துரு ஒரு பெரிய குவியல், தட்டச்சு மென்பொருளுக்காக மிஷினின் பின்னால் குத்தியிருக்கும் டாங்கிள் (அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும்), அந்த மென்பொருளை விற்றவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. விண்டோஸ் 11இல் 32 பிட் என்பதே கிடையாது. 32 பிட்டிலிருந்து நேராக அதற்கு ஏறவும் முடியாது, துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். துடைத்த பிறகு எழுத்துருவைத் திரும்பப் போட்டுவிடலாம், அது பிரச்சினை இல்லை. டாங்கிளை விண்டோஸுக்குப் புரியவைக்கிற 64 பிட் டிரைவர் இல்லையென்றால் தட்டச்சு மென்பொருள் எழும்பாது. அந்தக் காலத்து மென்பொருள் சிலவற்றின் இன்ஸ்டாலரே 16 பிட், 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. வருஷக்கணக்கான பத்திரிகை டிசைன் முழுக்க அந்த ஃபார்மட்டில் கிடக்கிறது. அடுத்த வாரம் ஆவணி முகூர்த்தம்.

அந்த மிஷினில் நான் விண்டோஸைத் தொடவில்லை. நெட் கேபிளைக் கழற்றி வைத்தேன். மெயில் பார்ப்பது, வாட்ஸ்அப் வெப், ஆர்டர் வாங்குவது எல்லாம் வேறு ஒரு லேப்டாப்புக்கு மாற்றினோம், அதில் விண்டோஸ் 11. பென்டிரைவ் இரண்டுக்கும் நடுவில் போய்வருவதால் வருகிற ஒவ்வொன்றையும் முதலில் லேப்டாப்பில் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் உள்ளே குத்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்தோம், ஏனென்றால் அந்த டிஸ்க் போனால் அதை மறுபடி கட்டி எழுப்ப எந்த சர்வீஸ்காரராலும் முடியாது. புதுசு வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான், ஆனால் நெட்டோடு கட்டி வைத்துக்கொண்டு புதுசு வேண்டாம் என்பது முடிவே இல்லை.

மற்றவர்களுக்கும் இதே கணக்குதான். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் யுஎஸ்பியில் குத்துகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். இ-சேவை மையம் என்றால் கைரேகைக் கருவி. லேப் என்றால் ரத்தம் பரிசோதிக்கிற மிஷினிலிருந்து சீரியல் கேபிளில் கம்ப்யூட்டருக்கு வருகிற மென்பொருள். மரக்கடை, ரப்பர் ஷீட் வாங்குகிற கடை என்றால் இன்னமும் கடகடவென்று அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சிலதில் பேரலல் போர்ட். ஒவ்வொன்றின் மாடலையும் ஒரு தாளில் எழுதி, தயாரித்தவர்களின் தளத்தில் விண்டோஸ் 11க்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்தால் அரைமணி நேர வேலை. விண்டோஸ் 10 64 பிட்டில் ஏற்கெனவே ஓடுகிறவை பெரும்பாலும் 11லும் ஓடும். இப்போதைய டேலி பிரைமுக்கும் கவலை இல்லை. லதா எழுத்துருவில் அடித்த பழைய வேர்ட் ஃபைல் வேறு மாதிரி தெரிகிறது என்று ஆசிரியர்கள் வருவார்கள், அது செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்த் தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸைச் சேர்த்தால் தீரும்.

அவகாசம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு இஎஸ்யு என்ற நீட்டிப்பில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் எடுக்க ஒத்துக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர் அல்லது அவர்களின் ரிவார்ட்ஸ் புள்ளி 1000. அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். நிறுவனங்களுக்கு இது வேறு கணக்கு, ஒரு மிஷினுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கும் நிலையில், ஓடுகிற மிஷினை வைத்துக்கொண்டு இந்த இலவச நீட்டிப்பில் கொஞ்சம் மூச்சு விடுவது கெட்ட யோசனை இல்லை.

அப்புறம், 2011இலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த அரசு லேப்டாப்புகள். எத்தனையோ வீட்டுப் பீரோவுக்கு மேலே கிடக்கின்றன. ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு விண்டோஸ் 11 நினைத்தே பார்க்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டி போட்டு, முடிந்தால் ராமைக் கூட்டி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றினால் நெட் பார்க்க, பாடம் பார்க்க, தமிழ் 99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய நன்றாகவே போதும். லினக்ஸ் என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்களிடம் நான் சொல்வது, களியக்காவிளை தாண்டினால் கேரளத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருஷக்கணக்காக அதில்தான் படிக்கிறார்கள். டேலி, கையெழுத்து டோக்கன் என்று தேவை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, எல்லாம் பார்த்துவிட்டு ஏற்றுவது என்று முடிவாகிவிட்டது. ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் 11 இலவசம். திருட்டு ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டுகிறவர்கள் பாதுகாப்புக்காக அப்டேட் செய்கிறேன் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, அந்த ஆக்டிவேட்டரோடுதான் பாதி வைரஸே வருகிறது. எஸ்எஸ்டி இல்லாமல், 8 ஜிபி ராம் இல்லாமல் ஏற்றாதீர்கள், 4 ஜிபி போதும் என்று அவர்கள் எழுதியிருப்பது பேப்பருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கிற நேரத்தில் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பிலோ பேட்டரி செத்த லேப்டாப்பிலோ இந்த வேலையைத் தொடங்கவே கூடாது, பாதியில் கரண்ட் போனால் அது தனிக் கதை.

யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கு என்பதை யாருமே கேட்பதில்லை, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். புதிதாக விண்டோஸ் 11 போடும்போது மெயில் ஐடி கேட்கும், உங்களிடம் கேட்கச் சோம்பல்பட்டுக் கடைப் பையன் தன்னுடையதைக் கொடுத்து முடித்துவிடுவான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல் புதிதாகப் போடும்போது பல மிஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும், அதன் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். நாளை பயாஸில் ஏதோ மாறி நீலத் திரையில் சாவியைக் கேட்டால், உங்கள் குடும்பப் போட்டோ எல்லாவற்றின் சாவியும் எங்கேயோ வேலை மாறிப் போன ஒரு பையனின் மெயிலில் இருக்கும். சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, எவ்வளவு காசு கொடுத்தாலும். ஆகவே உங்கள் கணக்கைக் கொடுங்கள், சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குப் போகும்படி தானாக அமைந்துவிடுவதும் உண்டு, இலவச 5 ஜிபி சீக்கிரம் நிறையும், வேண்டாமென்றால் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

மேலேற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அந்த 10 நாளுக்குள் எல்லா வேலையையும் ஒருதடவை ஓட்டிப் பாருங்கள், மாதம் ஒருமுறை மட்டும் செய்கிற ரிட்டர்ன் தாக்கல் உட்பட. அதுவரை இடம் பிடிக்கிறது என்று சொல்லி யாரும் டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழித்தால் திரும்பும் வழி அன்றோடு போய்விடும்.