முதன்முறை மார்ஷ்மெல்லோ செய்கிறீர்களா? பாகில் கவனம்

மார்ஷ்மெல்லோ சொதப்புவதும் கை வெந்துபோவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சர்க்கரைப் பாகில். அதனால் கலவையை நுரைக்க அடிக்கும் எலக்ட்ரிக் பீட்டர் வாங்கும் முன்பே ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள்.

எட்டு அங்குலச் சதுர ட்ரேக்கான அளவு: ஜெலட்டின் தூள் 15 கிராம், அதை ஊறவைக்கக் குளிர்ந்த தண்ணீர் 75 மில்லி. பாகுக்குச் சர்க்கரை 250 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 120 கிராம், தண்ணீர் 75 மில்லி, சிட்டிகை உப்பு. கடைசியில் வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். பாகு பூத்துப்போகாமல், அதாவது மறுபடி சர்க்கரைக் குருணையாகிவிடாமல், காப்பது லிக்விட் குளுக்கோஸ்தான். கரைத்துக் குடிக்கும் குளுக்கோஸ் பவுடர் அந்த வேலையைச் செய்யாது.

ஜெலட்டின் விலங்குப் பொருள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தரும் முன் சொல்லிவிடுங்கள். அதே அளவு அகர் அகர் (கடற்பாசி) போட்டால் இந்த இழுவை வராது, வெட்டினால் உடையும்.

ஜெலட்டினைப் பீட்டர் ஓடப்போகும் பாத்திரத்திலேயே தண்ணீர்மேல் பரவலாகத் தூவி 10 நிமிடம் விடுங்கள். பாகை அடிகனமான பாத்திரத்தில் ஏற்றி, சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்தபின் கரண்டி போடவே கூடாது. ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈர பிரஷ்ஷால் வழித்துவிடுங்கள். அதில் கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் பாகு பூத்து, மார்ஷ்மெல்லோ நறநறக்கும்.

115 டிகிரி செல்சியஸில் அடுப்பை அணையுங்கள். 110-இல் இறக்கினால் தண்ணீர் மிஞ்சிச் சொதசொதக்கும். 120 தாண்டினால் ரப்பராகும். இந்த 115 கடலோர ஊர்களின் கணக்கு. ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணோடு 15 கூட்டிக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரில் சிறு பிழை இருந்தாலும் இதில் சரியாகிவிடும். கைப்பதம் தெரிந்தவர்களுக்கு இது அதிரசப் பாகுக்கு நெருங்கிய பதம்: தண்ணீரில் விட்ட துளி மெத்தென்று உருட்ட வரும்.

இந்தப் பாகு கொதிநீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளை அடுப்படியிலிருந்து அனுப்பிவிட்டு, முழுக்கை உடையோடு செய்யுங்கள். மேலே பட்டால் உடனே ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிய பாகைப் பிய்க்காதீர்கள். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதென்றால் மருத்துவரிடம் போங்கள்.

குமிழ்கள் அடங்கியதும் பீட்டரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பாகை நூலாகப் பாத்திரத்தின் ஓரமாக ஊற்றுங்கள். சுழலும் கம்பிமேல் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பிறகு முழு வேகத்தில் 8 முதல் 12 நிமிடம். கலவை வெளுத்து மும்மடங்காகி, பாத்திரம் வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். மிக்ஸியில் இது வராது.

வாசனைக்கு வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவிச் சாறு சேர்க்காதீர்கள். அவற்றின் நொதிகள் ஜெலட்டினைச் சிதைத்துவிடும். வேகவைத்து ஆறிய சாறானால் பரவாயில்லை.

கார்ன்ஃப்ளாரும் பொடித்த சர்க்கரையும் சம அளவில் கலந்து, எண்ணெய் தடவிய ட்ரேயில் தூவி ஊற்றி, இரவு முழுக்க மூடாமல் விடுங்கள். எண்ணெய் தடவிய கத்தியால் வெட்டி எல்லாப் பக்கமும் அதே பொடியில் புரட்டுங்கள். மழைக்காலத்தில் கார்ன்ஃப்ளாரைக் கூட்டுங்கள், சர்க்கரைதான் ஈரத்தை இழுக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் தராதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்த்து ஒட்டும்.