418-ஆ, 419-ஆ?

பத்தமடைக் கோரைப்பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவது பழைய வழக்கம். அப்படி ஆர்டர் எடுக்கும் ஒரு கடையின் டேட்டாபேஸில் இரண்டு டேபிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஆர்டர், மற்றதில் நெய்ய வேண்டிய பெயர்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஆர்டர் எண். அதைப் போடுவது டேட்டாபேஸ். பதிவைச் சேர்த்த புரோகிராம் எண்ணைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

புரோகிராம் எழுதும் புதியவர்கள் பலர், அந்த எண்ணைப் பெற, டேபிளில் இருப்பதிலேயே பெரிய எண் எது என்று கேட்பார்கள். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது ஒருநாளும் பிசகாது, ஆபத்தே அதுதான். பாளையங்கோட்டை ஆர்டர் 418 என்று பதிவாகிறது. எண்ணைக் கேட்பதற்குள் அம்பாசமுத்திரத்து ஆர்டர் 419 ஆகப் பதிவாகிவிடுகிறது. இப்போது பெரிய எண் 419. பாளையங்கோட்டை மாப்பிள்ளை பெயர் அம்பாசமுத்திரத்துப் பாயில் ஏறிவிடும். பாயை விரித்ததும் ‘இது யாரு பேரு வே?’ என்று பெண் வீட்டார் கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்?

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இதற்கென்றே ‘லாஸ்ட் இன்சர்ட் ஐடி’ உண்டு. அது டேபிளைப் பார்ப்பதில்லை. புரோகிராம் டேட்டாபேஸோடு பேசத் திறக்கும் ஒவ்வொரு இணைப்பும் கடைசியாகப் பெற்ற எண்ணைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். ஆகவே பதிவைச் சேர்த்த அதே இணைப்பில்தான் கேட்க வேண்டும். பல இணைப்புகளைப் பொதுவில் வைத்து மாற்றி மாற்றி எடுக்கும் புரோகிராம்களில் இது எளிதில் தவறும். இன்னொன்று: ஒரே கட்டளையில் மூன்று பதிவுகளைச் சேர்த்தால், கிடைப்பது முதல் பதிவின் எண், பெயரில் ‘லாஸ்ட்’ இருந்தாலும்!

எனக்குப் பிடித்தது போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் வழி. பதிவைச் சேர்க்கும் ‘இன்சர்ட்’ கட்டளையின் கடைசியில் ‘ரிட்டர்னிங் ஐடி’ என்று எழுதினால், சேர்க்கும் கட்டளையே எண்ணையும் தந்துவிடும். மூன்று பதிவுகளென்றால் மூன்று எண்கள். இரண்டாவது கேள்வியே இல்லாததால் நடுவில் யாரும் நுழைய இடமில்லை. 2006-இல் 8.2 பதிப்பில் வந்த வசதி இது. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸுக்கு 2021-இல் வந்தது.

கையில் கிடைத்த எண்ணை அப்படியே பில் எண்ணாக அச்சடித்துவிடக் கூடாது. பாதியில் ரத்தான ஆர்டர் எடுத்துக்கொண்ட எண்ணைப் போஸ்ட்கிரெஸ் திரும்பப் பெறாது. 420 விடுபட்டு 421 வரும். ஜிஎஸ்டி விதியோ பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்கச் சொல்கிறது. பில்லுக்குத் தனி எண் வரிசை வைத்துக்கொண்டால், 420 எங்கே என்று ஆடிட்டர் கேட்க மாட்டார்.