சுகர், பிரஷர் மாத்திரையால் சிறுநீரகம் கெடாது

ஒரு பக்கக் கையும் காலும் செயலிழந்த நிலையில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அண்மையில் தூக்கி வரப்பட்டவரின் வீட்டில், ரத்த அழுத்தத்துக்காக மாதாமாதம் கொடுக்கப்பட்ட அம்லோடிபின் மாத்திரை அட்டைகள் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படாமல் மஞ்சப்பைக்குள் ஆணியில் தொங்கின. வீடு தேடிப் போய் அவற்றைக் கொடுத்துவந்த சுகாதாரத் தன்னார்வலரிடம் குடும்பத்தார் சொன்ன காரணம், "மாத்திரை போட்டால் கிட்னி போய்விடுமாம்" என்பதுதான். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலர் நெடுநாள் மாத்திரை சாப்பிட்டவர்கள் என்பது உண்மை; ஆனால் அவர்களுக்கு நெடுநாள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தன என்பதையும், சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைப்பவை அவைதாம் என்பதையும் எவரும் பேசுவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்த பிறகு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நாங்கள் குறைக்கிறோம் அல்லது நிறுத்துகிறோம். உடனே ஊர், பழுதாக்கியதே மெட்ஃபார்மின்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. இப்படி அஞ்சும் அதே மனிதர், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவார். சிறுநீரகத்துக்கு உண்மையாகவே கேடு செய்யக்கூடியது அதுதான் ஐயா!

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண்களை, பக்கத்துத் தெருக்காரி என்பதாலேயே "இவளுக்கு என்ன தெரியும்" என்று சிலர் துச்சமாகப் பேசுகிறார்கள். மருந்தை முடிவு செய்வது மருத்துவர். அவர் எழுதியதைக் கொண்டுவருவதும், ரத்த அழுத்த, சர்க்கரை அளவுகளைப் பார்த்து எங்களுக்குத் தெரிவிப்பதும் அந்தப் பெண்ணின் பணி. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டவர்களின் பூட்டிய வீடுகளுக்கு அவர் மாலையில் மறுபடி நடக்கிறார். (அவர் பெறும் ஊக்கத்தொகையைச் சொன்னால் நமக்குத்தான் வெட்கம்.)

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ பீடியோ கூடாது. அளவு சரியாக இருக்கிறதென்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள், நிறுத்தலாம் என்று பொருளல்ல. சிறுநீரகத்தைப் பற்றிக் கவலை இருந்தால் ஆண்டுக்கொரு முறை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போகிறவர்கள், தயவுசெய்து முன்கூட்டியே தன்னார்வலரிடம் சொல்லி, தேவையான மாத்திரைக்கு ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.