17 அங்குலப் பிடிவாதம்

வெள்ளவத்தையில் இருக்கும் மாமா கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர். வயது அறுபதை நெருங்குகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடும் ஆள். பழைய லெப்டொப் இனித் தாங்காது என்றானதும், ஒரு சிட்டையின் பின்பக்கத்தில் தன் நிபந்தனைகளை எழுதி என் கையில் தந்தார். 17 அங்குலத் திரை. எண் விசைகள் வலப்பக்கம் தனியாக. மினுங்காத திரை. ரம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்) போட இரண்டு இடம். டிஸ்க் கழற்றி மாற்றக்கூடியது. கீழே இரட்டைக் கோடு வேறு, ஐந்தொகையை முடித்தது போல.

100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போய் யுனிட்டி பிளாசா முழுக்க ஏறி இறங்கினோம். ஒரு கடையில் நின்ற பெடியன் 16 அங்குல மெஷின் ஒன்றைத் திறந்து வைத்தான்.

"அங்கிள், 17 இப்ப அவ்வளவா வாறதில்லை. இது 16. கிட்டத்தட்ட ஒண்டுதான்."

"கிட்டத்தட்ட எண்டா? ஒரு இஞ்சி குறையுதெல்லோ தம்பி."

வியாபாரப் பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான், பெடியன் தனக்கே தெரியாமல் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறான் என்று புரிந்தது.

அட்டையில் போட்டிருக்கும் அங்குலம் திரையின் மூலைவிட்டம். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று அது தனியாகச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளத் திரையின் விகிதம் வேண்டும். விகிதம் கிடைத்தால் சாதாரண தரத்தில் படித்த பைதகரஸ் தேற்றமே போதும். 17 அங்குலம் என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் 17.3 அங்குலம், விகிதம் 16:9. அதன் அகலம் 38.3 சென்ரிமீற்றர், உயரம் 21.5 சென்ரிமீற்றர். இப்போது வரும் 16 அங்குலத் திரைகள் பலவற்றின் விகிதம் 16:10. அவற்றின் அகலம் 34.5 சென்ரிமீற்றர். உயரம்? அதே 21.5.

இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. பழைய 15.6 அங்குல மெஷினின் அகலத்தையும் 17.3இன் உயரத்தையும் சேர்த்துச் செய்ததுதான் இந்த 16. கணக்காளர் ஒருவர் எக்செல்லில் நாள் முழுக்க மேலும் கீழுமாகத்தான் போகிறார். எழுத்தின் பருமனை இரண்டு திரையிலும் ஒன்றாக வைத்தால், கண்ணுக்குத் தெரியும் வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும். 17.3இல் கூடுதலாகக் கிடைப்பது பக்கவாட்டில் 3.8 சென்ரிமீற்றர், அதாவது இரண்டொரு நிரல். வரிகளும் கூட வேண்டுமென்றால் 16:10 விகிதத்தில் வரும் 17 அங்குலத்தைத் தேட வேண்டும் (உயரம் 22.9), அல்லது 18 அங்குலத்தை (24.2). பின்னது பெரும்பாலும் விளையாட்டுப் பிரியர்களுக்கென்று செய்யும் கனத்த மெஷின். மாமாவின் மேசைக்கு அது யானை.

அடுத்தது கூர்மை. நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 60 சென்ரிமீற்றர் தூரத்தில் இது 0.17 மில்லிமீற்றராகிறது. 17.3 அங்குலத் திரையில் 1920க்கு 1080 பிக்சல்களை, அதாவது படத்தை ஆக்கும் நுண்புள்ளிகளை, பரப்பினால் ஒவ்வொரு பிக்சலும் 0.2 மில்லிமீற்றர். கண்ணின் எல்லைக்குச் சற்று மேலே, அதாவது உற்றுப் பார்த்தால் ஓரங்கள் படிபடியாகத் தெரியும். 16 அங்குலத்தில் 2560க்கு 1600 என்றால் 0.13 மில்லிமீற்றர், கண்ணுக்குப் பிடிபடாது.

ஆங்கில எழுத்துக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. நம் எழுத்துக்குப் பெரிது. ஞ, ஜ, ணை போன்றவற்றில் எத்தனை வளைவு, எத்தனை சுழி! பருமன் 9இல் அச்சிட்ட ஒரு பட்டியலைச் சாதாரணத் திரையில் பார்க்கும்போது, முழு எழுத்துக்கும் கிடைப்பதே ஏழெட்டு பிக்சல் உயரம்தான். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ. கொழும்பில் சம்பளப் பட்டியல் பார்ப்பவருக்கு அந்த ஒற்றைப் புள்ளி மங்கினால் 'குமார்' என்பவர் 'குமார' ஆகிவிடுவார். காசோலை வேறு ஆளுக்குப் போகும். மாமா அங்குலத்தை எழுதிய இடத்தில் பிக்சலையும் எழுதியிருக்கலாம் என்பது என் கட்சி. கூர்மையான திரையில் எழுத்து தூசி மாதிரிச் சிறுக்குமே என்று பயப்பட வேண்டாம். விண்டோஸில் 150 வீதம் என்று வைத்துவிட்டால் பருமன் பழையபடி வந்துவிடும், வளைவுகள் மட்டும் வழுவழுப்பாகும்.

மினுங்காத திரை என்ற நிபந்தனையில் மாமாவோடு சண்டையே இல்லை. அவர் மேசை மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில். நாலு மணிக்குக் கடல் பக்க வெயில் நேரே உள்ளே வரும். பளபளப்பான திரை கண்ணாடி போலவே ஜன்னலைத் திருப்பிக் காட்டும். மங்கலான மேற்பரப்புள்ள திரையில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பு அந்த ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரைகள் அழகுதான். ஆனால் லெப்டொப்பில் வருபவை பெரும்பாலும் பளபளப்பு ரகம். எக்செல்லின் கட்டக் கோடுகள் போல அசையாத ஒன்றை வருடக்கணக்காகக் காட்டினால் அதன் தடம் நிலையாகப் பதியவும் கூடும். மலிவான 17.3 மெஷின்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டிஎன் எனப்படும் பழைய ரகத் திரை. அதில் திரவப் பளிங்கு மூலக்கூறுகள் இரு கண்ணாடிகளுக்கும் இடையே 90 பாகை முறுக்கி நிற்கும். மின்னழுத்தம் கொடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து நிமிரும். நிமிர்ந்த மூலக்கூறைப் பக்கத்திலிருந்து பார்ப்பதும் நேரே பார்ப்பதும் ஒன்றல்ல, அதனால்தான் சற்றுக் குனிந்தாலே நிறம் தலைகீழாகிறது. 1996இல் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த ஐபிஎஸ் ரகத்தில் மூலக்கூறுகள் கண்ணாடியின் தளத்திலேயே திரும்புகின்றன. கடையில் சோதிப்பது சுலபம்: எழுந்து நின்று மேலிருந்து பாருங்கள், பிறகு குந்தியிருந்து கீழிருந்து. பெடியன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

பெரிய உடம்பின் உண்மையான லாபம் திரையில் இல்லை என்பதுதான் இந்தத் தேடலில் நான் கண்டது. அது காற்றில் இருக்கிறது.

மெஷினின் மூளையான புரொசஸர் சில்லுக்குள் போகும் மின்சாரம் அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 45 வொட் என்பது ஒரு மேசை விளக்கு அளவுதான் என்று தோன்றும். ஆனால் அது பிறக்கும் இடம் இரண்டு சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள 1000 வொட் மின்னடுப்போடு ஒப்பிட்டால், அதே பரப்புக்கு ஐந்து மடங்குக்கு மேல் உக்கிரம். இதை அங்கிருந்து கடத்துவது ஒரு தட்டையான செப்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு சொட்டு நீரை விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் 100 பாகைக்கு வெகு முன்பே ஆவியாகும். ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே விசிறிக் காற்றில் குளிர்ந்து நீராகி, சுமந்து வந்த மறைவெப்பத்தைக் கொட்டிவிடும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு, திரி எண்ணெயை இழுப்பது போல நீரைத் திரும்ப இழுத்து வரும். புட்டு அவிக்கும்போது கொதிநீரைவிட ஆவி பட்டால் ஏன் கடுமையாகச் சுடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் குழாயின் வேலை புதிதல்ல.

ஆனால் வெப்பம் கடைசியில் அறைக் காற்றுக்குத்தான் போக வேண்டும். அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பது, ஏறத்தாழ, சில்லுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சில்லு 95 பாகையில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று கொள்வோம். 21 பாகையில் குளிரூட்டிய அறையில் வித்தியாசம் 74. வெள்ளவத்தையில் மின்விசிறி மட்டும் ஓடும் 31 பாகை அறையில் 64. அதே மெஷின், அதே குழாய், அதே விசிறி. வெளியேற்றும் வெப்பத்தில் சுமார் 14 வீதம் காணாமல் போய்விட்டது. 45 வொட்டைத் தாங்கிய மெஷின் இங்கே 39இல் மூச்சு வாங்கும். குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதிய மதிப்பெண்ணை நம்பி வாங்கியவர் இங்கே "ஏன் இழுக்குது?" என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய உடம்பு இங்கேதான் உதவுகிறது. விசிறிக்கு இடம் அதிகம், வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகச் செட்டைகளுக்கு இடம் அதிகம். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தள்ளும். ஒரு விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே சத்தம் சுமார் 5 டெசிபெல் இறங்கிவிடும். கிராஃபிக்ஸ் சில்லு வேண்டும் என்பவர்களுக்கும் இதே கதைதான், இன்னும் மோசமாக. மச்சான் ஆசைப்படும் ஆர்டிஎக்ஸ் 4060இன் லெப்டொப் வடிவம் 35 வொட்டிலும் வருகிறது, 115 வொட்டிலும் வருகிறது. பெயர் ஒன்று, மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அட்டையில் பெயர் மட்டும் இருந்தால் வொட் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக் காற்றைத்தான் விசிறியும் உள்ளே இழுக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரம் தூசியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் செட்டைகளின் வாயில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம். ஆகவே அடிப்பக்க மூடி சாதாரண ஆணிகளால் பூட்டியதா, கழற்றித் துப்புரவு செய்யலாமா என்று பார்ப்பது இங்கே ஆடம்பரம் அல்ல.

அந்த மூடியைத் திறந்தால் மாமாவின் மற்ற இரண்டு நிபந்தனைகளுக்கும் விடை கிடைத்துவிடும். ரம் இரண்டு இடத்தில் இருப்பதன் லாபம் பின்னாளில் கூட்டிக்கொள்வது மட்டுமல்ல. டிடிஆர்4 3200 ரம் ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைட் தரும். சோடியாகப் போட்டால் 51.2. தனி கிராஃபிக்ஸ் இல்லாத மெஷினில் திரையும் இதே வாசலைத்தான் பாவிக்கிறது. பலகையில் பற்றவைத்த ரம் ஏமாற்று வேலை என்று மாமா சொல்வார். அது முழுக்கச் சரியல்ல. கம்பிப் பாதை குறுகுவதால் அது வேகமாகவும் குறைந்த மின்சாரத்திலும் ஓடும். கெட்டால் அல்லது போதாமற் போனால்தான் வில்லங்கம். டிஸ்க்கைப் பொறுத்தவரை பெரும்பாலான பெரிய மெஷின்களில் இப்போது இருப்பது 22க்கு 80 மில்லிமீற்றர் எம்.2 பட்டை வடிவ எஸ்எஸ்டி, ஒரு ஆணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். மாமாவின் பழைய மெஷினில் நிமிடத்துக்கு 5400 தரம் சுற்றும் தட்டு. தேடும் தரவு, அதைப் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். அந்தத் தலையைத் தாங்கும் கை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுற்ற எதுவுமே இல்லை, அதனால் காத்திருப்பு 0.1 மில்லிசெக்கன் அளவில் முடிந்துவிடும். மனிதர் இவ்வளவு காலம் எதற்காகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருந்தார் என்பது நான் இதைச் சொன்ன அன்றுதான் அவருக்கு விளங்கியது.

புரொசஸர் பெயரிலும் ஒரு சூட்சுமம். ஏஎம்டி நிறுவனத்தின் 7000 வரிசை லெப்டொப் சில்லுகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. ரைசன் 5 7520யு என்பது கேட்கப் புதிதாக இருக்கும்; மூன்றாவது இலக்கம் 2, உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2. அதே இடத்தில் 4 இருந்தால் ஜென் 4. முதல் இலக்கத்தைக் காட்டி விலை சொல்பவரிடம் மூன்றாவதைக் காட்டிப் பேசுங்கள்.

பற்றரி பற்றி மாமா எதுவும் எழுதவில்லை. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த ஊரில் இருந்துகொண்டு எப்படி மறந்தாரோ. எவ்வளவு பெரிய லெப்டொப்பானாலும் பற்றரி 99.9 வொட்-மணியில் நின்றுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 என்பதே காரணம். சராசரி 15 வொட் செலவில் அது ஆறரை மணித்தியாலம் தாங்கும்.

எண் விசைகளுக்கு 34.5 சென்ரிமீற்றர் அகலமே போதும், ஆனால் எழுத்து விசைகள் முழுவதும் இடப்பக்கம் தள்ளப்படும். கை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகச் சற்றுத் திரும்பியே உட்கார வேண்டும். மாமா அதற்கு முப்பது வருடமாகப் பழகியவர்.

அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போனோம். மாமி தைக்கும்போது பாவிக்கும் அளவுநாடாவை மாமா சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். 17.3 மெஷினைத் திறந்து திரையை நட்டுக்குத்தாக அளந்தார். பிறகு 16ஐ அளந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இன்னொரு தரம் அளந்தார்.

"தம்பி, இதின்ர அடிப்பக்கத்தை ஒருக்காக் கழட்டிக் காட்டும்" என்றார். பெடியன் ஆணி முடுக்கியைத் தேடிப் போன நேரத்தில் சிட்டையை எடுத்து, 17 என்றிருந்ததை வெட்டி, அதற்கு மேலே 'உயரம் 21.5' என்று எழுதினார். இரட்டைக் கோட்டில் கை வைக்கவில்லை.