தவணைக்கு முன்னால் கரண்ட் பில்லைப் படியுங்கள்

மின் கட்டணத்தைக் குறைப்பதற்காகக் கடன் வாங்குவதில் தவறே இல்லை. மாதத் தவணை, குறையப்போகும் கட்டணத்தை விடச் சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீடுகளில் எரிசக்தித் தணிக்கை செய்யும் நான், இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டவர்களைத்தான் அதிகம் சந்திக்கிறேன். மொட்டை மாடியில் புத்தம்புதிய சூரிய மின்தகடுகள் இருக்கும். கீழே கூடத்தில் இருபது வருடத்துப் பழைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். மேலே உற்பத்தியாவதில் ஒரு பங்கைக் கீழே இருப்பது வீணாக்கும், அதற்கும் சேர்த்தே பத்து வருடம் வட்டி கட்டுவார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விலையில் கணக்கிடப்படுகிறது. 2024 ஜூலையில் வந்த கட்டண அட்டவணையை வைத்தே இங்கே பேசுகிறேன். அதன்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் முடித்தால் அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.70, கடைசி 100-க்கு 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் வேறு அட்டவணைக்குப் போய்விடுவீர்கள். கட்டணம் ஏறத்தாழ 2,094 ரூபாய். அதற்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8.55, பிறகு 800 வரை 9.65 ரூபாய். எந்தக் கருவியை மாற்றினாலும் குறைவது இந்த உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகள்தான். சேமிப்பைக் கணக்கிடும்போது 'யூனிட் சராசரி விலை' என்று எடுத்தால் விடை தவறாகிவிடும்.

இரண்டு மாதத்தில் 620 யூனிட் ஓடும் ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 3,133 ரூபாய். நான்கு பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகின்றன. அவற்றை எடுத்துவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளை (மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் கொண்டவை) மாட்டினால் இரண்டு மாதத்தில் சுமார் 130 யூனிட் குறையும். 620 என்பது 490 ஆகும். அதற்குக் கட்டணம் 1,742 ரூபாய். மிச்சம் 1,391 ரூபாய். ஒரு விசிறி 3,000 என்று வைத்தால் மொத்தச் செலவு 12,000. மழைக்காலத்தில் ஓட்டம் குறையும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. வீட்டுக்குள் போடும் முதலீட்டில் இதைவிட வேகமாகத் திரும்பி வருவது மிகச் சிலதான்.

மின்விசிறி ஓடும் வீட்டில் சுவரில் இருக்கும் பழைய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுவென்று சூடாக இருக்கும். வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் அதே அளவு குறையும் என்று நினைக்கிறோம். மிச்சமாகிறது என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இப்படி ரெகுலேட்டரில் வெப்பமாகப் போகிறது. புதிய பி.எல்.டி.சி. விசிறியை அந்த ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை விலக்கி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. இரவு படுக்கும் முன் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பையும் சில நிமிடம் எடுத்துவிட்டு, மின் மீட்டர் முன் நில்லுங்கள். சிவப்பு விளக்கு மினுக்குகிறதா? பல மீட்டர்களின் முகப்பில், அந்த விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். நிமிடத்துக்கு இரண்டு முறை மினுக்கினாலே ஏறத்தாழ 37 வாட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பெரும்பாலும் ஆயுள் முடிந்த பேட்டரியை விடாமல் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் இன்வெர்ட்டர்தான் காரணமாக இருக்கும். 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த 54 யூனிட் சாதாரணமல்ல.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சூரிய மின்சாரக் கடன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மத்திய அரசின் மானியம் உண்டு. உள்நாட்டில் தயாரான தகடுகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். மூன்று கிலோவாட் வரை அடமானம் இல்லாமல், ரெப்போ விகிதத்தை (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) ஒட்டிய வட்டியில் பொதுத்துறை வங்கிகள் கடன் தருகின்றன. திட்டம் தொடங்கியபோது சுமார் 7 சதவீதம். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைத்த பிறகு 6 சதவீதத்தை ஒட்டி வந்தது. அடமானம் இல்லாத கடனுக்கு இது மிகக் குறைந்த வட்டி, சந்தேகமே இல்லை.

ஆனால் குறைந்த வட்டி என்பது அந்தக் கடன் உங்களுக்குத் தேவை என்பதற்குச் சான்றாகாது. மூன்று கிலோவாட் அமைப்பு 2 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். கையிலிருந்து 20,000 போட்டு, மானியம் வந்ததும் அதைக் கடனில் கட்டிவிட்டால் மிச்சக் கடன் 1,02,000. 6 சதவீதம், பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 1,132 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 2,264. அந்த அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 800 யூனிட் ஓடும் வீட்டில் 4,870 ரூபாய்க் கட்டணம் ஏறத்தாழ முழுவதும் போய்விடும். அந்த வீட்டுக்காரர் தயங்காமல் வாங்கலாம். இரண்டு மாதத்தில் 350 யூனிட் மட்டும் ஓடும் வீட்டின் கட்டணம் 940 ரூபாய்தான். அங்கே இதே கடன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் கைநட்டம். 'மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுத் தவணையைக் கட்டலாம்' என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அந்த வருமானத்தை நம்பித் தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

விசிறியை மாற்றி 490 யூனிட்டுக்கு இறங்கிய வீடு? அதற்கு இரண்டு கிலோவாட் போதும். 1.4 லட்சம் விலை, 60,000 மானியம், மிச்சம் 80,000-க்கும் கடன் என்றால் இரண்டு மாதத் தவணை 1,776 ரூபாய். குறையும் கட்டணம் 1,742. பத்து ஆண்டுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதன் பிறகு தகடுகள் உழைக்கும் காலமெல்லாம் லாபம். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஏ.சி. வாங்கும் எண்ணமோ மின் ஸ்கூட்டர் எண்ணமோ இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பொறுத்திருங்கள்.

விசிறி, ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு இத்தகைய சலுகை வட்டிக் கடன் இல்லை. அங்கேதான் 'வட்டியில்லாத் தவணை' வருகிறது. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. கடையில் ஒரு ஏ.சி. 40,000, பன்னிரண்டு தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். 37,000 என்றால் நீங்கள் வாங்கும் கடன் 37,000. கட்டுவது 40,000. வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சதவீதம். பரிசீலனைக் கட்டணமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் இதற்கு மேல்.

ஃபிளாட் வட்டி இன்னும் ஆபத்தானது. ஒரு லட்சத்துக்கு 8 சதவீதம் ஃபிளாட், ஐந்து ஆண்டு என்றால் மொத்த வட்டி 40,000, தவணை 2,333. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடும். வங்கியில் குறையும் அசலுக்குப் போடும் வட்டியாக மாற்றினால் அது ஏறத்தாழ 14 சதவீதம். வங்கியில் அதே 8 சதவீதத்துக்குத் தவணை 2,028 ரூபாய்தான். 2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்குத் தரும் எந்தப் புதிய தவணைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கட்டணங்கள் எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதே வங்கியில் கூடுதல் கடன் கேட்டுப் பாருங்கள். வட்டி பெரும்பாலும் கடைத் தவணையை விடக் குறைவாக இருக்கும்.

மின்சாரத்தை உற்பத்தி செய்யச் சலுகை வட்டி, மிச்சப்படுத்தச் சந்தை வட்டி என்ற இந்த ஓரவஞ்சனை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனியில் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ., பழைய வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்பு செய்யவே குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது. வீடு உரிய தரத்தை எட்டினால் அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் சில மாநிலங்களில் எல்.இ.டி. பல்பின் விலையை மின் கட்டணத்தோடு பத்துப் பத்து ரூபாயாகப் பிடித்துக்கொண்டார்கள். அதே வழியில் மின்விசிறியைக் கொடுக்க முடியாதா? மேலே பார்த்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் பிடித்தாலும் கட்டணம் முன்பைவிடக் குறைவாகத்தானே இருக்கும்!

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சூரியத் தகட்டை நினைக்க வேண்டாம். கூரையும் மின் இணைப்பும் வீட்டு உரிமையாளருடையவை. விசிறியைக் கழற்றி உடன் எடுத்துப் போகலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம். ஆகவே அங்கே சூரிய மின்சாரம் சேமித்துத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு மதிப்பு உண்டு. குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியத்தை சூர்யா கர் திட்டமே தருகிறது. சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பொது இணைப்பின் கடைசி ஆறு கட்டண ரசீதுகளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.