பின்னா, ஓட்டையா?

வீட்ல 4ஜி ரவுட்டருக்கு சிக்னல் ரொம்ப கம்மி, சுத்தி எச்டிபி (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) பிளாக்கா நிக்குது, சரி பழைய வைஃபை ரவுட்டரோட ஆண்டெனா சும்மாதானே கெடக்குன்னு அத கழட்டி இதுல மாட்டினேன். மரை அழகா ஏறுச்சு, கெட்டியா நின்னுச்சு, ஆனா இருந்த சிக்னலும் போச்சு. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற சிம் லிம் டவர்ல ஒரு பார்ட்ஸ் கடை அங்கிள் ரெண்டையும் வாங்கி பாத்துட்டு ஒண்ணுதான் கேட்டாரு: "மிடில் காட் பின் ஆர் ஹோல்?" பாத்தா ரெண்டுலயும் ஓட்டை!

ஆண்டெனாவுக்கு போற கோஆக்ஸ் கேபிள்ல நடுக்கம்பியிலயும் அத சுத்தி இருக்கிற உலோக உறையிலயும் சேந்துதான் சிக்னல் போகுது. மரை உறைய மட்டும்தான் சேக்கும், நடுவுல ஒரு பக்கம் பின், எதிர்ப்பக்கம் அது நுழையுற ஓட்டை இருந்தாத்தான் கம்பியும் கம்பியும் தொடும். ஆண்டெனா மாட்டுற இந்த சின்ன மரை கனெக்டருக்கு பேரு எஸ்எம்ஏ. சாதாரண எஸ்எம்ஏ-ல நட்டும் பின்னும் இருந்தா ஆண், வெளிய மரையும் நடுவுல ஓட்டையும் இருந்தா பெண். 4ஜி ரவுட்டர்ல பொதுவா இருக்கிறது இந்த பெண்தான்.

வைஃபை ரவுட்டர்ல வர்றது ஆர்பி-எஸ்எம்ஏ, அதாவது ரிவர்ஸ் போலாரிட்டி. பேட்டரி பிளஸ் மைனஸ் மாதிரி எதுவும் இல்லங்க, மரைய அப்படியே விட்டுட்டு நடுவுல இருக்கிறத மட்டும் இடம் மாத்திட்டாங்க, அவ்ளோதான். வாங்குறவங்க இஷ்டத்துக்கு பெரிய ஆண்டெனா மாட்டிடக்கூடாது, அதனால கடையில சாதாரணமா கெடைக்கிற கனெக்டர் வேணாம்னு அமெரிக்காவோட தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்சிசி விதி போட்டுச்சு, கம்பெனிங்க கண்டுபிடிச்ச வழி இது. இப்ப அந்த கனெக்டரே எல்லா கடையிலயும் தொங்குது, விதி என்னத்த தடுத்துச்சோ!

கூத்து என்னன்னா, பேரு மட்டும் வெளிக்கூட்ட வச்சே வருது. நட்டு இருக்கிறதால என் வைஃபை ஆண்டெனாவுக்கு பேரு "ஆண்", உள்ள இருக்கிறதோ ஓட்டை. அதனால ஆன்லைன்ல வாங்குறப்ப ஆண் பெண்ணுன்னு போட்டிருக்கிறத நம்பாதீங்க, படத்த பெருசாக்கி மரைய ஒரு தடவ, நடுவ ஒரு தடவ பாருங்க. ஓட்டையும் ஓட்டையும்னா சிக்னல் வராது, அதோட போச்சு, ஆனா பின்னும் பின்னும் முட்ட வச்சு இறுக்கினா பின்னே நசுங்கிடும்.

வாக்கி டாக்கியில வேற மாதிரி தலைகீழ், பாவோஃபெங் யூவி-5ஆர்-ல சாதாரண எஸ்எம்ஏதான், ஆனா செட்டுல பின், ஆண்டெனாவுல ஓட்டை. ஏபிசி-7 (APC-7)னு ஒரு கனெக்டர் இருக்கு, அதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, ஆனா அது லேப் சாமான்.

அடாப்டர் போட்டா போதுமான்னு அங்கிள கேட்டேன். தொடும், ஆனா இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு செஞ்ச ஆண்டெனா, 4ஜிக்கு சரிவராதுன்னு வேற ஒண்ண எடுத்து வச்சாரு. நட்டுக்குள்ள பின் இருக்கான்னு பாத்துட்டுதான் காச எடுத்தேன்.